உழவின் முழுக்கணக்கு

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்

• வளங்குன்றா வேளாண்மை என்னும் கருத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குதல்.
• விளைச்சல், நீர், மண், வருவாய் ஆகியவற்றை அளக்கும் முறைகளை அறிதல்.
• புள்ளிவிவரங்களைப் படித்துப் பொருள் கொள்ளுதல். தவறான முடிவுகளை இனங்காணுதல்.
• கட்டுரையில் பயின்றுவரும் இலக்கணக் கூறுகளை அறிந்து பயன்படுத்துதல்.

நுழையும்முன்

ஒரு வயலில் நெல் அடர்ந்து விளைந்திருக்கிறது. 'நல்ல விளைச்சல்' என்கிறோம். அந்த விளைச்சலுக்காக நிலத்தடியிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது? மண் எவ்வளவு சத்தை இழந்தது? உழவர் கையில் இறுதியாக எவ்வளவு நின்றது? இவ்வினாக்களுக்கு மூட்டைகளின் எண்ணிக்கை விடை தராது. இந்தியாவின் உணவுக் களஞ்சியமான பஞ்சாப் மாநிலத்தைச் சான்றாகக் கொண்டு, உழவின் முழுக்கணக்கை எவ்வாறு பார்ப்பது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உழக்கும் கணக்கும்

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்பது நம் மக்களிடையே நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. உழைப்புக்கும் செலவுக்கும் ஏற்ற பயன் உழவருக்குக் கிடைப்பதில்லை என்னும் துயரத்தை இப்பழமொழி சொல்கிறது. இதனுள் மற்றொரு பொருளும் உண்டு. களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லைக் கண்டு மகிழ்வது வேறு. செலவினங்களை எல்லாம் கழித்து மிஞ்சியதைப் பார்ப்பது வேறு.

நம் முன்னோர் நெல்லை உழக்கு, நாழி, மரக்கால், கலம் எனப் பல அளவைகளால் அளந்தனர். இன்று குவிண்டால், டன் என்று அளக்கிறோம். அளவைகள் மாறினும் அளக்கப்படும் பொருள் பெரும்பாலும் மாறவில்லை. விளைந்ததை அளக்கிறோம், விளைவிப்பதற்காக இழந்ததை அளப்பதில்லை.

இன்றைய தலைமுறையின் தேவைகளை நிறைவு செய்யும்போது, வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் குலைக்காமல் இருப்பதே வளங்குன்றா வளர்ச்சி. 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் புருண்ட்லாந்து ஆணையம் இக்கருத்தை உலகின் முன் வைத்தது. இதனை உழவுக்குப் பொருத்தினால் கிடைப்பது வளங்குன்றா வேளாண்மை. தந்தை உழுத நிலத்தில் மகளும் மகனும் அதே அளவு நம்பிக்கையுடன் உழ முடியுமா என்பதே அதன் அடிப்படை வினா.

பசியை வென்ற மண்

இந்தியாவின் பரப்பில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடே கொண்டது பஞ்சாப். இச்சிறு மாநிலம் நாட்டின் பசியைப் போக்கிய வரலாறு வியப்புக்குரியது. 1960களின் நடுவில் இந்தியா உணவுக்காக வெளிநாட்டுக் கப்பல்களை எதிர்பார்த்திருந்தது. 1966ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைரகக் கோதுமையை எம்.எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர்கள் நம் நிலத்துக்கேற்பப் பண்படுத்தினர். 1962ஆம் ஆண்டில் லூதியானாவில் தொடங்கப்பட்ட பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் புதிய விதைகளையும் முறைகளையும் உழவர்களிடம் கொண்டு சேர்த்தது. 1968ஆம் ஆண்டில் கோதுமைப் புரட்சியைப் போற்றி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

1960-61ஆம் ஆண்டில் பஞ்சாபில் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் டன் கோதுமை விளைந்தது. இன்று அது ஐந்து டன் அளவை எட்டியுள்ளது. அன்று ஒரு டன்னாக இருந்த அரிசி விளைச்சல் இன்று நான்கு டன்னைத் தொட்டிருக்கிறது. அன்று நெல் பயிரான பரப்பு 2.27 இலட்சம் ஹெக்டேர். இன்று அது 30 இலட்சம் ஹெக்டேருக்கும் மேல். விளைச்சல் ஒன்றே அளவுகோல் எனில், இவ்வேளாண்மைக்கு முழு மதிப்பெண் வழங்கிவிடலாம்.

ஆனால் நெல் பரவிய இடத்தில் முன்பு வேறு பயிர்கள் இருந்தன. மக்காச்சோளம், பருத்தி, பயறு வகைகள், நிலக்கடலை ஆகியன வயல்களைப் பகிர்ந்துகொண்டிருந்தன. 1960-61ஆம் ஆண்டில் 8 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிரான கொண்டைக்கடலை, பின்னர்ச் சில ஆயிரம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்துவன. அச்செடிகள் அகன்றபோது, மண்ணுக்கு இயல்பாகக் கிடைத்த உரமும் அகன்றது. விளைச்சல் பட்டியலில் இவ்விழப்பிற்கு இடமில்லை.

மண்ணுக்குக் கீழே

பஞ்சாபில் ஏறத்தாழ 14 இலட்சம் ஆழ்துளைக் கிணறுகள் உள்ளன. முற்காலத்தில் நிலப்பரப்பின் மேல் வைத்த விசைக்குழாய்களே நீரை இறைத்தன. நீர்மட்டம் இறங்கியபோது உழவர்கள் குழி வெட்டி அதனடியில் பொறியை வைத்தனர். நீர் மேலும் இறங்கவே, மிகுந்த செலவில் நீர்மூழ்கி விசைக்குழாய்களை ஆழத்தில் இறக்கினர். ஆழம் கூடக்கூடச் செலவும் கூடியது. பெருநிலக்கிழார் அச்செலவைத் தாங்கினார். சிறு உழவர் கடன் வாங்கினார்.

நிலத்தடி நீரின் நிலையை மத்திய நிலத்தடி நீர் வாரியம் எளியதொரு வாய்பாட்டால் மதிப்பிடுகிறது. ஓராண்டில் எடுக்கப்படும் நீரை, அவ்வாண்டில் எடுக்கத்தக்க நீரால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். எடுக்கத்தக்க நீர் என்பது மழையாலும் கால்வாய்க் கசிவாலும் பாசன நீரின் ஊறலாலும் ஆண்டுதோறும் நிலத்தடிக்குச் சேரும் நீரில், இயற்கைத் தேவைக்கு உரியதைக் கழித்து எஞ்சுவது. கிடைக்கும் விழுக்காட்டைக் கொண்டு ஒன்றியங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

• 70 விழுக்காடு வரை – பாதுகாப்பானது
• 70க்கு மேல் 90 வரை – மித அபாயகரமானது
• 90க்கு மேல் 100 வரை – அபாயகரமானது
• 100க்கு மேல் – அதிநுகர்வு

2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி பஞ்சாபின் அளவு ஏறத்தாழ 164 விழுக்காடு. ஆண்டுதோறும் நூறு குடம் நீர் சேரும் ஒரு தொட்டியிலிருந்து 164 குடம் இறைப்பதற்கு இஃது ஒப்பாகும். மிகுதியான 64 குடமும் முன்னோர் காலத்திலிருந்து சேர்ந்த இருப்பிலிருந்து வருகிறது. அவ்வாண்டு மதிப்பிடப்பட்ட 153 ஒன்றியங்களில் 117 அதிநுகர்வு வகையைச் சேர்ந்தவை.

இந்நீர் பஞ்சாபில் மட்டும் செலவாவதில்லை. ஒரு பொருளை விளைவிக்கச் செலவாகி, அப்பொருளோடு கண்ணுக்குத் தெரியாமல் பயணம் செய்யும் நீரை மறைநீர் என்பர். ஒரு கிலோ அரிசியை விளைவிக்க ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் தேவைப்படுகிறது. பஞ்சாபின் அரிசியில் பெரும்பகுதியை அரசு கொள்முதல் செய்து, பல மாநிலங்களின் நியாய விலைக் கடைகளுக்கு அனுப்புகிறது. ஆகவே, ஏதோவொரு தொலைநகரில் உலையில் கொதிக்கும் சோற்றிலும் பஞ்சாபின் நிலத்தடி நீர் கலந்திருக்கலாம். இச்சிக்கல் ஒரு மாநிலத்தின் சிக்கலன்று.

அளப்பதிலும் முறை உண்டு

நீர்மட்டத்தை அளப்பவர் ஒரு செய்தியை மறத்தலாகாது. கோடையில் நீர்மட்டம் தாழும். மழைக்குப் பின் பல இடங்களில் உயரும். மே மாதத்தில் அளந்ததையும் நவம்பரில் அளந்ததையும் ஒப்பிட்டு, 'நீர் பெருகிவிட்டது' என்று மகிழ்ந்தால் அது பருவ மாற்றத்தை வளர்ச்சி எனக் கொண்ட பிழையாகும். ஓர் ஆண்டின் மே மாத அளவைப் பல ஆண்டுகளின் மே மாத அளவுகளோடு ஒப்பிடுவதே முறை.

மற்றொரு நுட்பமும் உண்டு. பஞ்சாபின் தென்மேற்கிலுள்ள முக்தசர் பகுதியில் நீர்மட்டம் பல இடங்களில் தாழவில்லை. மாறாக, நிலப்பரப்பை நெருங்கி நிற்கிறது. அங்கு நிலத்தடி நீர் உவர்ப்பானது, பாசனத்துக்கு உகந்ததன்று. இறைப்பார் குறைந்தமையாலும் கால்வாய் நீர் ஊறியமையாலும் நிலங்கள் நீர் தேங்கி உவர்நிலமாயின. விழுக்காட்டுக் கணக்கில் இத்தகைய பகுதி 'பாதுகாப்பானது' என்னும் பெயரைப் பெறக்கூடும். அளவு சரியாக இருப்பினும் தன்மை சரியில்லை. ஆகவே, நீரின் அளவோடு அதன் தன்மையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மண்ணும் அளக்கப்பட வேண்டியதே. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் ஒரு வயலின் மண்ணைப் பன்னிரண்டு கூறுகளில் ஆராய்ந்து உழவருக்கு அறிவிக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு முதலிய சத்துகளும், கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் குறைவு, 0.75 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் மிகுதி. மட்கிய இலை, தழை, வேர், சாணம் ஆகியவற்றால் மண்ணில் சேரும் இக்கரிமமே நீரைப் பிடித்து வைக்கிறது, நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. யூரியாவை மேலும் மேலும் இட்டு ஒரு பருவத்தின் விளைச்சலைக் காக்கலாம். கரிமத்தை ஒரு பருவத்தில் மீட்க இயலாது.

பதினொரு வினாக்கள்

நீர், மண் ஆகிய இரண்டோடு கணக்கு முடிந்துவிடுமா? 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை 17 வளர்ச்சி இலக்குகளை ஏற்றது. அவற்றுள் இரண்டாவது, பசியை ஒழித்தல். அதன் ஒரு பகுதியாக, ஒரு நாட்டின் விளைநிலத்தில் எவ்வளவு வளங்குன்றா முறையில் பயிரிடப்படுகிறது என்பதை அளக்கும் வழியை உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்தது. பொருளியல், சுற்றுச்சூழல், சமூகம் என்னும் மூன்று தூண்களின்மேல் பதினொரு கூறுகள் அமைந்தன.

பொருளியல்:
1. ஒரு ஹெக்டேரின் விளைபொருள் மதிப்பு
2. பண்ணையின் நிகர வருவாய்
3. கடன், காப்பீடு, பல்வகைப் பயிர் போன்ற இடர்காப்பு வழிகள்

சுற்றுச்சூழல்:
4. மண்ணின் சீர்கேடு
5. நீர் இருப்பில் மாற்றம்
6. உர மேலாண்மை
7. பூச்சிக்கொல்லி மேலாண்மை
8. பல்லுயிர்களைப் பேணும் நடைமுறைகள்

சமூகம்:
9. வேளாண் தொழிலாளரின் கூலி
10. உழவர் குடும்பத்தின் உணவுப் பாதுகாப்பு
11. நிலத்தின் மீதான உரிமை

ஒவ்வொரு கூற்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் போக்குவரத்து விளக்கின் நிறங்களுள் ஒன்று வழங்கப்படும். சான்றாக, கடந்த மூன்று ஆண்டுகளும் பண்ணை இலாபம் ஈட்டியிருந்தால் பச்சை. மூன்றில் ஓராண்டேனும் ஈட்டியிருந்தால் மஞ்சள். ஓராண்டும் ஈட்டவில்லையெனில் சிவப்பு.

இம்முறையின் சிறப்பு அதன் இறுதி நெறியில் உள்ளது. பதினொன்றின் சராசரி எடுக்கப்படுவதில்லை. மிகவும் பின்தங்கிய கூறே முடிவைத் தீர்மானிக்கும். நான்கு பாடங்களில் நூறு மதிப்பெண் பெற்ற மாணவர் ஐந்தாம் பாடத்தில் தவறினால், சராசரியைக் காட்டித் தேர்ச்சி கேட்க முடியாதல்லவா? அதுபோலவே, மிகுந்த விளைச்சல் வற்றிய நீருக்கு ஈடாகாது. உயர்ந்த வருவாய் உரிய கூலி பெறாத தொழிலாளியின் பசிக்கு ஈடாகாது. குடத்தின் வாய் எவ்வளவு அகன்றிருப்பினும், அடியில் துளையிருந்தால் நீர் நில்லாது.

ஒன்றைக் காக்க, மற்றொன்று கெட்டது

ஒரே கூற்றை மட்டும் நோக்கித் தீர்வு காண்பது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குப் பஞ்சாபிலேயே சான்று உள்ளது. கடுங்கோடையில் நெல் நடவு செய்தால் நீர் பெருமளவு ஆவியாகும். அதனைத் தடுக்க 2009ஆம் ஆண்டில் பஞ்சாப் அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. மே 10ஆம் நாளுக்கு முன் நாற்றங்கால் விடுவதும், சூன் 10ஆம் நாளுக்கு முன் நடவு செய்வதும் தடுக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்தது, நீரும் ஓரளவு மிஞ்சியது.

ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுத்த வயலில் கோதுமை விதைப்பதற்குக் கிடைத்த நாள்கள் மேலும் குறைந்தன. இயந்திரம் அறுத்துவிட்டுச் சென்ற வைக்கோல் தாள்களை விரைவில் அகற்ற எளிய வழி தீயிடுதல். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வட இந்திய வானத்தை மூடும் புகைக்கு இவ்வாறு ஒரு காரணம் வலுப்பெற்றது. தீயில் வைக்கோலின் தழைச்சத்தும் மண்ணுக்குச் சேர வேண்டிய கரிமமும் அழிந்தன. நீர்க்கணக்கில் சிறிது வரவு. மண்கணக்கிலும் காற்றுக்கணக்கிலும் செலவு. எல்லாக் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருந்தால் இச்செலவு முன்னரே கண்ணில் பட்டிருக்கும்.

உழவரைக் குறை கூறலாமா?

இவற்றைப் படிப்போர், 'உழவர்கள் ஏன் நெல்லையே பயிரிடுகின்றனர்?' என்று வினவலாம். அரசு இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. ஆயினும் பஞ்சாபில் உறுதியாகக் கொள்முதல் செய்யப்படுபவை கோதுமையும் நெல்லுமே. மக்காச்சோளமோ பயறோ விளைவித்தவர் சந்தையில் எவ்விலைக்கு விற்பார் என்பது அவருக்கே தெரியாது. 1997ஆம் ஆண்டு முதல் பாசனத்துக்கு இலவச மின்சாரமும் வழங்கப்பட்டது. பெரும்பாலான வேளாண் இணைப்புகளுக்கு மின்அளவியே இல்லை. எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது என்பதை அறிவதற்கும், குறைப்பதற்கும் உழவருக்குக் காரணம் ஏதும் இல்லை. நாடு நெல்லைக் கேட்டது, விலையை உறுதி செய்தது, உழவர் விளைவித்தார்.

அவருடைய சொந்தக் கணக்கும் எளிதானதன்று. 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, பஞ்சாபில் ஓர் உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருவாய் 26,701 ரூபாய். இந்திய அளவில் 10,218 ரூபாய். வருவாயை மட்டும் பார்த்தால் பஞ்சாப் உழவர் செழித்திருக்கிறார். அதே ஆய்வு தந்த மற்றோர் எண், பஞ்சாபில் உழவர் குடும்பத்தின் சராசரிக் கடன் 2,03,249 ரூபாய்; இந்திய அளவில் 74,121 ரூபாய். ஓர் எண்ணை மட்டும் காட்டுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையைச் சொல்லவில்லை.

அளவுகோல் உழவர் கையில்

அளத்தல் என்பது அலுவலகங்களுக்கு மட்டும் உரிய பணியன்று. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய இரு கருவிகள் இதற்குச் சான்று. முதலாவது, இலை வண்ண அட்டை. பல வகைப் பச்சை நிறங்களைக் கொண்ட இவ்வட்டையில் நெற்பயிரின் இலையை வைத்து ஒப்பிட்டு, இலையின் நிறம் குறித்த அளவினும் வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இட வேண்டும். இரண்டாவது, மண்ணின் ஈரத்தைக் காட்டும் இழுவிசைமானி. நிலத்தில் ஊன்றிய குழாயிலுள்ள நீர், பச்சைப் பட்டையிலிருந்து மஞ்சள் பட்டைக்குள் இறங்கும்போது பாய்ச்சினால் போதும். வயலில் எப்போதும் நீர் தேங்கி நிற்க வேண்டும் என்னும் பழக்கத்தை இக்கருவி மாற்றவல்லது.

பயிர்க்காலம் குறைந்த பி.ஆர். 126 என்னும் நெல் வகை, பூசா 44 வகையினும் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக விளைகிறது. அந்த அளவுக்கு நீர் மிஞ்சுகிறது. வைக்கோலை அகற்றவும் நாள்கள் கிடைக்கின்றன. 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'பானி பச்சாவோ, பைசே கமாவோ' திட்டம், அதாவது 'நீரைச் சேமி, பணத்தை ஈட்டு' என்னும் திட்டம், மின்அளவி பொருத்த இசையும் உழவருக்கு, ஒதுக்கிய மின்சாரத்தில் அவர் மிச்சப்படுத்தும் ஒவ்வோர் அலகுக்கும் 4 ரூபாய் வழங்கியது. அளந்தால் இழப்பு நேரும் என்னும் அச்சத்தை, அளந்தால் வரவு உண்டு என்னும் நம்பிக்கையாக மாற்றும் முயற்சி இது. ஆயினும் மாற்றுப் பயிர்களுக்கும் உறுதியான கொள்முதல் கிடைக்கும்போதுதான் இத்தகைய முயற்சிகள் முழுப்பயன் தரும்.

முன்னரே ஒலித்த குரல்

பசுமைப் புரட்சியின் வெற்றி கொண்டாடப்பட்ட 1968ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்வளம் காக்காத தீவிரச் சாகுபடியும், வடிகால் இல்லாத பாசனமும், கண்மூடித்தனமான பூச்சிக்கொல்லிப் பயன்பாடும், கணக்கற்ற நிலத்தடி நீர் எடுப்பும், பலவகை உள்ளூர்ப் பயிர்களை நீக்கி ஓரிரு வகைகளையே எங்கும் பரப்புவதும் பெருந்தீங்கில் முடியும் என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம். கும்பகோணத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்த அவர், விளைச்சலைப் பெருக்கப் பாடுபட்டவர். அவரே விளைச்சல் மட்டும் போதாது என்றும் சொன்னவர். சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாமல் விளைச்சலை நிலைநிறுத்தும் 'என்றும் பசுமைப் புரட்சி' என்னும் கருத்தையும் பின்னர் அவர் முன்வைத்தார்.

பஞ்சாபின் உழவு தோற்ற உழவு அன்று. அது பல கோடி மக்களின் பசியாற்றிய உழவு. அந்த நன்றியை உணர்ந்தவர்களே அதன் இழப்புகளையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். களத்தில் குவிந்த நெல்லோடு கிணற்றின் ஆழமும், மண்ணின் கரிமமும், உழவரின் கடனும், கூலியாளின் வருவாயும் ஒரே ஏட்டில் இடம்பெறும் நாளே உழவின் முழுக்கணக்கு எழுதப்படும் நாள்.

தெரிந்து கொள்வோம்

பழந்தமிழ் முகத்தலளவைகள்:
2 ஆழாக்கு – 1 உழக்கு
2 உழக்கு – 1 உரி
2 உரி – 1 நாழி (படி)
8 நாழி – 1 குறுணி (மரக்கால்)
2 குறுணி – 1 பதக்கு
2 பதக்கு – 1 தூணி
3 தூணி – 1 கலம்

சொல்லும் பொருளும்

களஞ்சியம் – தானியம் சேமிக்கும் இடம்
உவர்நிலம் – உப்புத்தன்மை மிகுந்த நிலம்
அங்ககக் கரிமம் – உயிர்ப்பொருள்கள் மட்கியதால் மண்ணில் சேரும் கரிமம்
நிகர வருவாய் – செலவு போக எஞ்சும் வருவாய்
கொள்முதல் – விலைகொடுத்து வாங்குதல்
ஊறு – தீங்கு

இலக்கணக்குறிப்பு

உழுதவன் – வினையாலணையும் பெயர்
அளத்தல் – தொழிற்பெயர்
விளைநிலம், மறைநீர் – வினைத்தொகைகள்
நெடுங்காலம், கடுங்கோடை – பண்புத்தொகைகள்
குன்றா (வேளாண்மை) – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
மகளும் மகனும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

அளந்தனர் – அள + த்(ந்) + த் + அன் + அர்
அள – பகுதி
த் – சந்தி. ந் ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

புணர்ச்சி விதி

நெடுங்காலம் – நெடுமை + காலம்
'ஈறு போதல்' என்னும் விதிப்படி, நெடு + காலம்
'இனமிகல்' என்னும் விதிப்படி, நெடுங்காலம்

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஓர் ஒன்றியத்தில் நிலத்தடி நீர் எடுப்பு 95 விழுக்காடு எனில், அது எவ்வகையைச் சேர்ந்தது?
அ. பாதுகாப்பானது   ஆ. மித அபாயகரமானது   இ. அபாயகரமானது   ஈ. அதிநுகர்வு

2. பதினொரு கூறுகளைக் கொண்ட அளவீட்டில் முடிவைத் தீர்மானிப்பது
அ. சராசரி   ஆ. மிகவும் பின்தங்கிய கூறு   இ. விளைச்சல்   ஈ. நிகர வருவாய்

3. 'விளைநிலம்' என்பது
அ. பண்புத்தொகை   ஆ. உவமைத்தொகை   இ. உம்மைத்தொகை   ஈ. வினைத்தொகை

ஆ) குறுவினா

1. மறைநீர் என்றால் என்ன?
2. மண்ணில் அங்ககக் கரிமம் இருப்பதால் விளையும் நன்மைகள் யாவை?
3. இலை வண்ண அட்டையை உழவர் எவ்வாறு பயன்படுத்துகிறார்?

இ) சிறுவினா

1. முக்தசர் பகுதியின் நிலை நமக்கு உணர்த்தும் செய்தி யாது?
2. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனையும் எதிர்பாரா விளைவையும் எழுதுக.
3. பஞ்சாப் உழவர்கள் நெல்லையே பயிரிடுவதற்கான காரணங்களைத் தொகுத்துரைக்க.

ஈ) நெடுவினா

'மிகுந்த விளைச்சல் வற்றிய நீருக்கு ஈடாகாது' – இக்கூற்றைப் பாடத்தில் உள்ள சான்றுகளைக் கொண்டு நிறுவுக.

உ) கணக்கிட்டுப் பார்ப்போம்

கீழே உள்ளது ஒரு கற்பனை ஊரின் நீர்மட்டப் பட்டியல். எண்கள், நிலப்பரப்பிலிருந்து நீர் இருக்கும் ஆழத்தை மீட்டரில் குறிக்கின்றன.

2010 – மே: 14.0, நவம்பர்: 13.2
2015 – மே: 17.5, நவம்பர்: 16.6
2020 – மே: 21.0, நவம்பர்: 20.3

1. '2020இல் மே மாதத்தைவிட நவம்பரில் நீர்மட்டம் 0.7 மீட்டர் உயர்ந்துள்ளது. ஆகவே ஊரின் நீர்வளம் பெருகி வருகிறது' என்கிறார் ஒருவர். அவர் கூற்றிலுள்ள பிழையை இரண்டு தொடர்களில் விளக்குக.
2. மே மாத அளவுகளைக் கொண்டு, பத்து ஆண்டுகளில் ஓராண்டுக்குச் சராசரியாக எத்தனை மீட்டர் நீர்மட்டம் தாழ்ந்தது எனக் கண்டறிக.
3. இவ்வூர் உள்ள ஒன்றியத்தில் எடுக்கத்தக்க நீர் 50 அலகு. எடுக்கப்படுவது 65 அலகு எனில், அது எவ்வகையைச் சேர்ந்தது?

ஊ) மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: கடுங்கோடை, பெருந்தீங்கு, நிலத்தடி.
2. தொடரில் அமைத்து எழுதுக: களஞ்சியம், ஈடாகாது, கண்ணில் படுதல்.
3. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்பதுபோல் உழவைப் பற்றிய வேறு மூன்று பழமொழிகளை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.

எ) செயல்திட்டம்

உங்கள் பள்ளி அமைந்துள்ள பகுதியில் பயிரிடும் உழவர் ஒருவரை ஆசிரியர் துணையுடன் சந்தியுங்கள். பதினொரு கூறுகளுள் நீர், மண், வருவாய், கூலி ஆகிய நான்கைப் பற்றி வினவுங்கள். அவர் பேசும் மொழியில் உரையாடி, விடைகளைத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் நீங்கள் வழங்கும் நிறத்தையும், அதற்குரிய காரணத்தையும் குறிப்பிட்டு ஒரு பக்க அறிக்கை அணியம் செய்யுங்கள். உழவரின் பெயரையும் முகவரியையும் அறிக்கையில் எழுத வேண்டா.